அறைக்குள் ஒரு கனவுத் தொழிற்சாலை: ஆங்கர், ஜெனே, பிட்குட்

1971 மே மாதத்தில் நியூயார்க்கில் 'பிங்க் நார்சிஸஸ்' என்னும் படம் வெளியானது. படைத்தவரின் பெயர் வரவேண்டிய இடத்தில் 'அநாமதேயர்' என்ற சொல் மட்டுமே திரையில் தோன்றியது. பார்த்தவர்கள் ஊகத்தில் இறங்கினார்கள். ஆண்டி வார்ஹால் என்றனர் சிலர். கென்னத் ஆங்கர் என்றனர் வேறு சிலர். இத்தனை வண்ணமும் இத்தனை அலங்காரமும் கொண்ட ஒரு கனவைப் பேர்போன ஒருவர்தான் படைத்திருக்க முடியும் என்று அவர்கள் நம்பினார்கள். உண்மையில் அதை எடுத்தவர் கடைகளின் கண்ணாடி முகப்புகளை அலங்கரித்தும் ஆடை வடிவமைத்தும் பிழைத்துவந்த ஒரு மனிதர். எடுத்த இடம் பெரும்பாலும் அவருடைய சிறிய குடியிருப்பு அறை. அவர் பெயர் உறுதியாகத் தெரியவர ஏறக்குறைய கால் நூற்றாண்டு பிடித்தது.

ஆண் உடல்மீது ஆண் கொள்ளும் விழைவைத் திரையில் முதன்முதலாகக் கவிதையாக்கிய படங்களைத் தேடிச் செல்லும்போது, நாம் மீண்டும் மீண்டும் இத்தகைய அறைகளுக்குள்தான் நுழைய நேர்கிறது. பெற்றோர் ஊரில் இல்லாத வீடு, இரவு விடுதிக்குள் அமைத்த போலிச் சிறை, வாடகை அறைக்குள் எழுப்பிய அரண்மனை. இந்த மூன்று அறைகளின் வரலாற்றைத்தான் இங்கே பேச முற்படுகிறோம். ஒரு விழைவுக்கு வெளியுலகில் இடமே இல்லாதபோது கற்பனை என்னவாகிறது என்பதே நம் கேள்வி.

சட்டம் அடைத்த கதவுகள்

அமெரிக்காவில் ஆணும் ஆணும் கூடுவது 1961 வரை எல்லா மாநிலங்களிலும் குற்றம். அவ்வாண்டில் இல்லினாய் மட்டும் முதலில் அந்தச் சட்டத்தை நீக்கியது. நாடு முழுமைக்கும் அந்தக் குற்றம் இல்லாமற்போக 2003ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மருத்துவம் தன் பங்குக்கு இதை நோய் என்றது. அமெரிக்க உளமருத்துவச் சங்கம் தன் நோய்ப் பட்டியலிலிருந்து இதை நீக்கியது 1973இல்தான்.

ஹாலிவுட்டிலோ 1934 முதல் கறாராக நடைமுறைக்கு வந்த தயாரிப்பு நெறித்தொகுப்பு, 'பாலியல் பிறழ்ச்சி' என்று தான் அழைத்த எதையும் குறிப்பாலும் காட்டக்கூடாது என்றது. 1961இல் அது சற்றே தளர்ந்தது. 1968இல் தரப்பிரிவு முறைக்கு இடம்விட்டு மறைந்தது. ஆக, முப்பது ஆண்டுகளுக்கு உலகின் மிகப்பெரிய கனவுத் தொழிற்சாலையில் ஒரு வகைக் கனவுக்கு மட்டும் அனுமதி இல்லை. அந்தக் கனவைக் கண்டவர்கள் தங்கள் தொழிற்சாலையைத் தாங்களே கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது.

வாணவேடிக்கை

கென்னத் ஆங்கர் 1927இல் கலிபோர்னியாவின் சாண்டா மோனிகாவில் பிறந்தவர், 2023இல் மறைந்தார். 1947இல், பெற்றோர் ஒரு வார இறுதியில் வெளியூர் சென்றிருந்தபோது, பெவர்லி ஹில்ஸ் வீட்டில் அவர் எடுத்த சிறு படம் 'ஃபயர்வொர்க்ஸ்'. 16 மி.மீ., கறுப்பு வெள்ளை, பதினைந்து நிமிடத்துக்கும் குறைவு. ஹாலிவுட்டின் நிழலிலேயே, ஹாலிவுட் அனுமதிக்காத படம் பிறந்தது.

கனவு காணும் இளைஞனாக ஆங்கரே நடித்தார். அவன் விழிக்கிறான், கதவொன்றைத் திறந்து இரவுக்குள் செல்கிறான், கடற்படை வீரன் ஒருவனைக் காண்கிறான். வீரன் தன் தசைகளைக் காட்டி நிற்கிறான். பின்னர் வீரர்களின் கும்பலொன்று சங்கிலிகளோடு வந்து இளைஞனை அடித்து வீழ்த்துகிறது. அவன் நெஞ்சைப் பிளக்கும்போது உள்ளே இதயம் இல்லை. அளவுமானி ஒன்று துடிக்கிறது. உடல்மேல் பால் வழிகிறது. வீரனொருவனின் கால்சட்டையிலிருந்து மத்தாப்பு சீறிப் பொறி கக்குகிறது. எரியும் மெழுகுவத்திகளோடு கிறிஸ்துமஸ் மரத்தைத் தலையில் சூடியபடி இளைஞன் வருகிறான். முடிவில் அவன் படுக்கையில் இன்னொருவன் படுத்திருக்கிறான். அந்த இன்னொருவனின் முகம் மட்டும் ஃபிலிமின்மேல் கீறப்பட்டு ஒளிக்கற்றையாக மறைந்திருக்கிறது.

இந்தக் கடைசிச் சட்டகத்தை நாம் மறக்க முடியாது. கனவு கண்டவன் தன் முகத்தை முழுதாகக் காட்டிவிட்டான். கனவு நனவாகிக் கிடைத்த துணைவனுக்குத்தான் முகம் இல்லை.

வன்முறையும் இன்பமும் இங்கே பிரிக்க முடியாதபடி பின்னிக் கிடக்கின்றன. 1943இல் லாஸ் ஏஞ்சலஸ் தெருக்களில் கடற்படையினர் மெக்சிகோ வம்சாவளி இளைஞர்களைத் துரத்தி அடித்த கலவரங்களின் நினைவு இப்படத்தின் ஊற்றுகளில் ஒன்று என்று ஆங்கர் பின்னாளில் குறிப்பிட்டார். ஆண்மையின் சீருடை அன்றைக்கு ஒரே சமயத்தில் ஈர்ப்பாகவும் அச்சுறுத்தலாகவும் இருந்தது. விரும்பினால் அடிபடுவாய் என்று உலகம் சொன்னது. அந்த அடியையும் விழைவின் பகுதியாக்கிக் காட்டியது இந்தக் கனவு. இது துன்பத்தை ரசிப்பதா, துன்பத்தின் பல்லைப் பிடுங்குவதா என்ற விவாதம் இன்றுவரை ஓயவில்லை.

பாலியல் ஆய்வாளர் ஆல்பிரட் கின்ஸி இப்படத்தின் பிரதியொன்றை விலைகொடுத்து வாங்கினார். 1949இல் பிரான்சின் பியாரிட்ஸ் நகரில் நடந்த 'சபிக்கப்பட்ட திரைப்படங்களின் விழா'வில் ழான் காக்தோ இப்படத்தைப் பாராட்டிப் பரிசளித்தார். சொந்த ஊரிலோ வேறு கதை. 1957இல் லாஸ் ஏஞ்சலஸின் கொரோனெட் அரங்கில் இதைத் திரையிட்டமைக்காக அரங்கை நடத்தியவர்மீது ஆபாச வழக்குப் பாய்ந்தது. மேல்முறையீட்டில்தான் அவர் தப்பினார். இந்த வரலாற்றில் கலைஞர்களைக் காட்டிலும் திரையிட்டவர்களே அதிகம் நீதிமன்றம் ஏறியிருக்கிறார்கள். அவர்களுக்கும் நாம் கடன்பட்டவர்கள்.

சுவரில் ஒரு துளை

ழான் ஜெனே 1910இல் பாரிசில் பிறந்தார். தாயால் கைவிடப்பட்டு, வளர்ப்புக் குடும்பத்திலும் பின்னர் மெத்ரே சீர்திருத்தப் பள்ளியிலும் வளர்ந்தார். திருட்டுக் குற்றங்களுக்காகப் பலமுறை சிறை சென்றார். முதல் நாவலைச் சிறைக்குள்தான் எழுதினார். ஆயுள் தண்டனை அச்சுறுத்திய நிலையில் காக்தோவும் சார்த்தரும் குடியரசுத் தலைவருக்கு எழுதிய விண்ணப்பம் அவரைக் காத்தது. அந்த ஜெனே தன் வாழ்நாளில் இயக்கி முடித்தது ஒரே ஒரு படம்: 1950இல் எடுத்த 'காதல் கீதம்'. இருபத்தாறு நிமிடம், பேச்சோ இசையோ இல்லை. பணம் போட்டவர் 'லா ரோஸ் ரூஜ்' என்னும் பாரிஸ் இரவு விடுதியை நடத்திய நிகோஸ் பாபடாகிஸ். சிறைக் காட்சிகளுக்கான அரங்கம் அந்த விடுதிக்குள்தான் அமைக்கப்பட்டது.

அடுத்தடுத்த கொட்டடிகளில் இரண்டு கைதிகள். ஒருவர் வயது கூடியவர், மற்றவர் இளைஞர். இடையே தடித்த சுவர். சுவரில் ஊசித்துளை போல ஒரு வழி. ஒருவர் அதில் வைக்கோல் துரும்பைச் செருகிச் சிகரெட் புகையை ஊதுகிறார். மறுபுறம் மற்றவர் கண்மூடி அந்தப் புகையை வாயில் வாங்கிக்கொள்கிறார். திரைப்பட வரலாற்றின் மிக அந்தரங்கமான காதல் காட்சிகளில் ஒன்று இது என்பதில் நமக்கு ஐயமில்லை. அவர்கள் தொடுவதில்லை, ஒருவரையொருவர் பார்ப்பதும் இல்லை. மூச்சு மட்டுமே கைமாறுகிறது.

சிறைக் காவலன் ஒருவன் கதவுத் துளைகள் வழியே ஒவ்வொரு கைதியாகப் பார்த்துச் செல்கிறான். பார்க்கப் பார்க்க அவனும் எரிகிறான். பொறாமை தாளாமல் மூத்த கைதியின் கொட்டடிக்குள் புகுந்து இடுப்புவாரால் அடிக்கிறான். அடிபடுபவரின் மனமோ திறந்த வனத்தில் தன் காதலனோடு ஓடித் திரிகிறது. அதிகாரம் முழுவதும் காவலனிடம், சுதந்திரம் முழுவதும் கைதியிடம். காவலனுக்கும் கனவுகள் உண்டு. ஆனால் அவை இருட்டில், வெட்டுண்ட உறுப்புகள் போல மிதக்கின்றன. துளை வழியாக எட்டிப் பார்க்கும் அவனுடைய கண்தான் கேமராவின் கண்ணும். அப்படியானால் பார்த்துக்கொண்டிருக்கும் நாம் யார் பக்கம்? ஜெனே இந்தச் சங்கடத்திலிருந்து நம்மைத் தப்பவிடுவதில்லை.

படத்தின் தொடக்கத்தில் ஒரு கம்பி ஜன்னலிலிருந்து ஒரு கை மலர்க்கொத்தொன்றைக் கயிற்றில் ஊசலாட்டுகிறது. பக்கத்து ஜன்னலின் கை அதைப் பிடிக்க முயன்று தோற்றுக்கொண்டே இருக்கிறது. இறுதியில் கை மலரைப் பிடித்துவிடுகிறது. காவலன் அப்போது முதுகு காட்டி நடந்துகொண்டிருக்கிறான். கண்காணிப்பவன் எல்லாவற்றையும் பார்த்தான். நடக்க வேண்டியது நடந்தபோது மட்டும் பார்க்கவில்லை.

1964இல் நியூயார்க்கில் இப்படத்தைத் திரையிட்ட ஜோனஸ் மேகாஸ் கைது செய்யப்பட்டார். சில நாட்களுக்கு முன்புதான் ஜாக் ஸ்மித்தின் 'ஃபிளேமிங் கிரீச்சர்ஸ்' படத்துக்காகவும் கைதாகியிருந்தார். கலிபோர்னியாவின் பெர்க்லியில் படத்தைப் பறிமுதல் செய்வோம் என்று காவல்துறை மிரட்ட, திரையிட்ட சால் லாண்டாவ் வழக்குத் தொடுத்தார். படம் ஆபாசமானதே என்றது மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம். 1967இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அத்தீர்ப்பை உறுதி செய்தது. ஒரே ஒரு நீதிபதி மாற்றி வாக்களித்திருந்தால் வரலாறு வேறாகியிருக்கும்.

இதைவிட வியப்பானது ஜெனேயின் சொந்தத் தீர்ப்பு. எழுபதுகளின் நடுவில் பிரெஞ்சு அரசின் திரைப்பட மையம் இப்படத்துக்குப் பரிசளிக்க முன்வந்தபோது அவர் அதை ஏற்க மறுத்துவிட்டார். தன் படத்திலிருந்து எப்போதோ விலகிப் போயிருந்தார். ஒருகாலத்தில் தன்னைச் சிறையில் வைத்த அரசு தன் சிறைக்கனவுக்கு முத்திரை குத்துவதை அவர் விரும்பாதது நமக்கு விளங்காமலில்லை.

கிரேக்கத் தூணும் அஞ்சல் துறையும்

பிட்குட்டின் அறைக்குள் நுழையுமுன் அக்காலத்தின் உடற்பயிற்சி இதழ்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பாப் மைஸர் 1945இல் லாஸ் ஏஞ்சலஸில் புகைப்பட நிறுவனமொன்றைத் தொடங்கினார். 1951 முதல் அவர் வெளியிட்ட 'ஃபிசீக் பிக்டோரியல்' போன்ற சிறிய இதழ்களில் கோவண அளவுத் துணி அணிந்த ஆண்கள் பளு தூக்கினார்கள். சுண்ணாம்பில் செய்த கிரேக்கத் தூண்களில் சாய்ந்து நின்றார்கள். வாங்கியவர்களும் விற்றவர்களும் அவற்றின் பொருளை அறிவார்கள். ஆனால் யாரும் உரக்கச் சொல்வதில்லை. உடல்நலமும் செவ்வியல் சிற்பமும் சட்டத்துக்குச் சொல்லிக்கொள்ளும் சாக்குகளாயின. அஞ்சல் துறை விடவில்லை. 1962இல் உச்ச நீதிமன்றம் இத்தகைய இதழ்களை அஞ்சலில் அனுப்பலாம் என்று தீர்ப்பளித்தது.

பெண்களின் படங்களைப் போடும் ஆண்கள் இதழ்களில் ஒளியமைப்பும் பட்டும் இறகும் பகட்டும் நிறைந்திருக்க, ஆண் உடலைக் காட்டும் இதழ்கள் மட்டும் ஏன் இப்படி வறண்டு கிடக்க வேண்டும் என்ற கேள்வி ஒருவருக்கு எழுந்தது. அவர்தான் ஜேம்ஸ் பிட்குட்.

எட்டு மில்லிமீட்டர் அரண்மனை

1933இல் விஸ்கான்சினின் மேடிசனில் பிறந்த பிட்குட், 1951இல் நியூயார்க் வந்தார். பெண்வேட ஆட்டங்களுக்குப் பேர்போன 'கிளப் 82' விடுதியில் ஆடினார், ஆடைகள் வடிவமைத்தார். பார்சன்ஸ் கலைப்பள்ளியில் படித்தார். பிறகு உடற்பயிற்சி இதழ்களுக்குப் புகைப்படங்கள் எடுத்தார். தன் குடியிருப்பின் தரை முழுவதும் வெள்ளிச் சரிகைத் துணியை விரித்து, அதைக் கடலடியாக்கி எடுத்த படங்கள் இன்று அருங்காட்சியகப் பொருட்கள். அந்த அறையில் ஒரு சொட்டு நீரும் இல்லை.

1963 வாக்கில் 'பிங்க் நார்சிஸஸ்' தொடங்கியது. 8 மி.மீ. கேமரா, ஏறக்குறைய ஏழு ஆண்டுகள். பாபி கெண்டல் என்ற பெயரில் நடித்தவர், வாடிக்கையாளனுக்காகக் காத்திருக்கும் ஓர் ஆண் பரத்தனாக வருகிறார். காத்திருப்பின் வேளையில் கனவுகள் ஒன்றன்பின் ஒன்றாக அவிழ்கின்றன. அவன் காளைப்போர் வீரன். எதிரே காளையாக வருவது தோல் உடை அணிந்த மோட்டார் சைக்கிள்காரன். அவன் ரோமானிய அடிமை. அவன் சுல்தானின் அந்தப்புரத்தில் ஆண் நடனக்காரனைப் பார்த்திருப்பவன். அவன் காட்டில் வண்ணத்துப் பூச்சியோடு விளையாடுபவன். வெளியே டைம்ஸ் சதுக்கத்தின் கொச்சையான தெரு. உள்ளே இளஞ்சிவப்பு ஒளி. கதவு திறந்து வாடிக்கையாளன் வரும்போது அவன் முகமும் இவன் முகமாகவே மாறித் தெரிகிறது.

நார்சிஸஸ் என்ற பெயர்த் தேர்வு நம் கவனத்துக்குரியது. தன் நிழலையே காதலித்து மாண்ட கிரேக்க இளைஞனின் கதையை, தன்பாலீர்ப்பை விளக்க உளப்பகுப்பாய்வு எடுத்துக்கொண்டது. ஆணை விரும்பும் ஆண் உண்மையில் தன்னையே விரும்புகிறான், வளர்ச்சி குன்றியவன் என்பது அன்றைய மருத்துவப் பேச்சு. பிட்குட் அந்தக் குற்றச்சாட்டை மறுக்கவில்லை. அதற்குப் பட்டுடுத்திப் பூச்சூட்டித் திரைக்குக் கொண்டுவந்தார். ஏச்சையே அணிகலனாக்கும் இந்தச் செயல் வாதத்தைவிட வலியது என்று நமக்குத் தோன்றுகிறது.

ஆனால் படம் அவர் கையை விட்டுப் போயிற்று. முடிக்கத் தாமதித்துக்கொண்டே இருந்தவரிடமிருந்து பணம் போட்டவர்கள் படச்சுருள்களை எடுத்துத் தாங்களே தொகுத்து வெளியிட்டார்கள். எதிர்ப்பாகத் தன் பெயரை நீக்கச் சொன்னார் பிட்குட். அப்படித்தான் 'அநாமதேயர்' பிறந்தார். சட்டத்துக்கு அஞ்சி மறைத்த பெயரல்ல அது. கோபத்தில் திரும்பப் பெற்ற பெயர்.

காலமும் அவருக்கு எதிராக இருந்தது. அவர் படம் எடுத்துக்கொண்டிருந்த ஆண்டுகளுக்கு நடுவே, 1969 ஜூனில், ஸ்டோன்வால் விடுதியில் காவல்துறைச் சோதனைக்கு எதிராகக் கலகம் வெடித்தது. உள்ளே ஒளிந்திருந்தவர்கள் தெருவுக்கு வந்தார்கள். 1971இல் படம் வந்தபோது 'நியூயார்க் டைம்ஸ்' விமர்சகர் வின்சென்ட் கேன்பி அதை ஒளிந்து வாழ்ந்த காலத்தின் மிச்சமாகவே கண்டார். அதே ஆண்டு டிசம்பரில் வேக்ஃபீல்ட் பூல் தன் சொந்தப் பெயரோடு 'பாய்ஸ் இன் த சாண்ட்' படத்தை வெளியிட்டார். அதில் சரிகைக் கடல் இல்லை. உண்மையான கடற்கரை, உண்மையான வெயில். ஏழே மாத இடைவெளியில் இரண்டு யுகங்கள்.

கனவின் கணக்கு

இப்படங்களை வியந்து நிறுத்திக்கொள்ள நம்மால் இயலவில்லை. பிட்குட்டின் அந்தப்புரத்தை எடுத்துக்கொள்வோம். கீழை உலகம் அங்கே ஒரு திரைச்சீலை. ஹாலிவுட் தன் ஆயிரத்தோரு இரவுப் படங்களில் தைத்த பழைய துணியை அவர் மறுபடி உடுத்திக்கொண்டார். ஒடுக்கப்பட்டவரின் கனவுக்கும் ஒடுக்கியவரின் கிடங்கிலிருந்தே பொருட்கள் வருகின்றன. யாருடைய கனவுக்கோ பின்னணியாக்கப்பட்ட உலகிலிருந்து பார்க்கும் நமக்கு இது உறுத்தத்தான் செய்யும்.

ஆங்கரின் பிற்காலப் படமான 'ஸ்கார்பியோ ரைசிங்' (1963) இன்னும் சிக்கலானது. மோட்டார் சைக்கிள் இளைஞர்களின் தோல் உடையையும் குரோமியப் பளபளப்பையும் பதின்மூன்று பாப் பாடல்களோடு கோத்து, நாஜிச் சின்னங்களையும் கிறிஸ்துவைப் பற்றிய சமயப்பள்ளிப் படக் காட்சிகளையும் அது ஊடே வெட்டிச் சேர்த்தது. அதிகாரத்தின் கவர்ச்சியை அது எள்ளுகிறதா, அதற்கு மயங்குகிறதா? பாசிசத்தின் கவர்ச்சி பற்றிய தன் 1975 கட்டுரையில் சூசன் சொன்டாக் இந்தப் படத்தையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது தற்செயலல்ல. விழைவு தூய்மையானது என்று நம்மில் யாரும் வாதிட வேண்டியதில்லை. தூய்மையற்ற விழைவையும் மறைக்காமல் முன்வைத்ததுதான் இப்படங்களின் நேர்மை.

பின்வந்தோர் இந்த அறைகளிலிருந்து நிறைய எடுத்துச் சென்றார்கள். டெரெக் ஜார்மன், பால் ஹம்ஃப்ரஸ் இருவரும் 1976இல் சார்டீனியாவின் வெயிலில், உரையாடல் முழுவதும் லத்தீனில் அமைந்த 'செபாஸ்டியான்' எடுத்தார்கள். ஃபாஸ்பிண்டரின் கடைசிப் படமான 'கெரெல்' (1982) ஜெனேயின் நாவலிலிருந்து பிறந்தது. பிரெஸ்ட் துறைமுகத்தை அவர் பெர்லின் படப்பிடிப்புத் தளத்திலேயே செம்மஞ்சள் அந்தி ஒளியில் கட்டினார். சட்டம் தளர்ந்தபின்னும், வெளியே போய்ப் படமெடுக்க வசதி இருந்தபின்னும் அவர் அறைக்குத் திரும்பியது ஏன்? அறை வெறும் ஒளிவிடமாக மட்டும் இருந்திருந்தால் அதன் தேவை அப்போதே முடிந்திருக்கும். அது ஒரு மொழியாகவும் ஆகியிருந்தது என்பதே நம் முடிவு.

பிட்குட்டைத் தேடிக் கண்டுபிடித்து அவர் பெயரை மீட்டவர் எழுத்தாளர் புரூஸ் பெண்டர்சன். 1999இல் தாஷென் பதிப்பகம் அவருடைய புகைப்படங்களை நூலாக்கியது. 2022 ஜனவரியில், எண்பத்தெட்டு வயதில், நியூயார்க்கில் பிட்குட் காலமானார். தாம் நினைத்தபடி ஒருபோதும் முடிக்க முடியாத படத்தின் ஆசிரியராக அவர் இன்று அறியப்படுகிறார்.

தமிழில் இவ்விழைவைக் குறிக்க நெடுங்காலம் 'ஓரினச்சேர்க்கை' என்ற சொல்லையே கையாண்டோம். அது செயலை மட்டும் சுட்டுகிறது. காத்திருப்பையும் ஏக்கத்தையும் புகைவழி கைமாறும் மூச்சையும் அது சுட்டுவதில்லை. 'தன்பாலீர்ப்பு' என்னும் சொல் இன்று புழக்கத்துக்கு வந்திருப்பது நல்லது. நீதிமன்றங்கள் இப்படங்களில் சேர்க்கையைத் தேடின. அவற்றில் நிரம்பியிருந்தது ஈர்ப்பு. முகம் கீறப்பட்ட துணைவன், கம்பிக்கு வெளியே நீண்ட கை, பெயரில்லாத இயக்குநர் என்று மூன்று அறைகளிலும் யாரோ ஒருவர் மறைந்தே இருக்கிறார். அந்தக் கை மலரைப் பிடித்த கணத்தைக் காவலன் பார்க்கவில்லை. நாம் பார்த்துவிட்டோம்.